மூன்றாவது சிலிண்டர்

பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்ததைப் பார்த்ததுமே டுவைட் பெல்கி கையைத் துடைத்துக்கொண்டு பட்டறையிலிருந்து வெளியே வந்தார். ஏப்ரல் பிறந்தும் ஆல்டர் ஃபால்ஸில் பனி முழுதாக உருகியிருக்கவில்லை. வாசலெல்லாம் சேறு. வண்டியிலிருந்து இறங்கிய பெண்மணிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். ஆண்கள் அணிகிற கனத்த கோட்டு போட்டிருந்தார்.

"வில்மா ஓஸ்ட்ராண்டர் இங்கதான் இருக்காங்களா?"

"உள்ள இருக்காங்க. நீங்க மார்லீன் கோவாக்தானே? அப்ப இது அந்த எஞ்சினா?" டுவைட்டின் குரலில் ஆவல் அடங்கவில்லை.

மார்லீன் உள்ளே நடந்தார்.

பட்டறையின் மூலையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. அதுதான் வில்மாவின் இடம். எஞ்சின் தொழிற்சாலையின் பரிசோதனை வரிசையில் இருபத்தாறு வருடம் நின்று ஓய்வு பெற்றவர். பழைய பந்தயக் கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் எஞ்சினைப் பிரித்து அவர் முன்னால் பரப்பிவைப்பார்கள். எந்த உறுப்பு அந்த எஞ்சினோடு பிறந்தது, எது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று அவர் பிரித்துச் சொல்வார். மிஷிகன் முழுவதும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"என் தம்பி லையலோட எஞ்சின்," என்றார் மார்லீன், உட்காராமலே. "இருபது வருஷமா என் கொட்டகையில கிடக்கு. இவ்வளவு நாளும் பிரிச்சுப் பார்க்க எனக்கு மனசு வரல. அவனைக் கொன்னவன் யாருன்னு இதுக்குள்ள இருக்கு. எடுத்துக் குடுங்க."

"இப்ப மட்டும் ஏன் மனசு வந்துது?"

மார்லீன் ஒரு செய்தித்தாள் துண்டை மேசைமேல் வைத்தார். ஆல்டர் ஃபால்ஸ் பந்தயத் திடலின் நாற்பதாவது ஆண்டு விழா. 1974 ஜூன் மாதம் வென்ற ஆர்வில் டாக்கெட்டின் கார், அன்றைக்கு ஓடிய அதே எஞ்சினோடு, நிரந்தரக் காட்சிக்கு வைக்கப்படும். அந்த எஞ்சினைக் கட்டிய நோரிஸ் ஹேபர்மனுக்கு மேடையில் மரியாதை.

"அந்த ஜூன் ஒன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை நான் வேலியோரம் நின்னுக்கிட்டிருந்தேன். லையல் இடது தடத்துல, டாக்கெட் வலது தடத்துல. கால் மைல் ஓட்டம். என் தம்பிதான் முன்னால இருந்தான். கடைசி நூறு கஜத்துல எஞ்சின் வெடிச்சு, எண்ணெய் டயருக்கடியில கொட்டி, சுவத்துல போய் மோதி..." அவர் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அதுக்கு முந்தின மாசம் டாக்கெட் எல்லார் முன்னாலயும் சொன்னான்: 'இந்தத் தடவை நீ கடைசிக் கோட்டைப் பார்க்க மாட்டே.' இதைவிட வேற என்ன வேணும்?"

"போலீஸ்?"

"அளவுக்கு மீறி ஓட்டினான், எஞ்சின் தாங்கலன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. நான் விடல. டாக்கெட் பெட்ரோல் பங்க் வெச்சிருந்தான். சனிக்கிழமை சனிக்கிழமை அது வாசல்ல லையல் படத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஆறு வருஷம். ஒரு வண்டி உள்ள போகல. கடையை மூடினான். பொண்டாட்டியும் விட்டுட்டுப் போனா." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. "போதாது."

வில்மா அந்தத் துண்டுக் காகிதத்தை நிதானமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பார்க்கறேன். ஆனா இரும்பு என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்லுவேன். உங்களுக்குப் பிடிச்ச பேரைச் சொல்லுவேன்னு எதிர்பார்க்காதீங்க."

"சொல்லுங்க. அந்தப் பேர்தான் வரும்."

எஞ்சினைப் பிரிக்க இரண்டு நாள் ஆயிற்று. எட்டு சிலிண்டர், ஏழு லிட்டர். 1970-இல் லையல் புதிதாக வாங்கிய இரண்டு கதவு கூப்பே காரினுடையது. இடது பக்கம் மூன்றாவது சிலிண்டருக்கு நேராக முஷ்டி நுழைகிற அளவு ஓட்டை. பிஸ்டனையும் சுழல்கிற கிராங்க் தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடு உள்ளேயிருந்து உடைத்துக்கொண்டு வெளியே வந்த இடம் அது. வளைந்துபோன ராடும், அதன் அடியில் கிராங்கைக் கவ்விப் பிடிக்கிற அரைவட்ட மூடியும், அறுந்த போல்ட்டும் எண்ணெய்த் தொட்டியின் அடியில் கிடந்தன.

"இதுல என்ன துப்பறிய இருக்கு?" என்றார் டுவைட். "போல்ட் அறுந்துது, மூடி கழண்டுது, ராடு எஞ்சின் சுவத்தைப் பிச்சுது."

"இந்த மாதிரி எஞ்சின் எத்தனை பிரிச்சிருக்கே?"

"நாப்பது இருக்கும்."

"எத்தனையில போல்ட் அறுந்து பார்த்திருக்கே?"

டுவைட் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஒண்ணுலயும் இல்ல. இதுல தடிச்ச போல்ட் போட்டிருப்பாங்க. ராடு வளையும், பிஸ்டன் உடையும், பேரிங் உருகும். போல்ட் மட்டும் போகாது."

"அப்ப அந்த போல்ட்டை அளந்து பாரு."

அளந்தார். மற்ற ஏழு ராடுகளின் போல்ட்டுகளை விட அது மெல்லியது.

வில்மா எட்டு ராடுகளையும் வரிசையாக வைத்தார். ஏழின் பக்கவாட்டிலும் கே என்ற வார்ப்பு எழுத்து இருந்தது. ஒரே தொகுதியில் அடித்தவை. உடைந்த ஒன்றில் எழுத்தே இல்லை. குடும்பக் கார்களிலும் சரக்கு வேன்களிலும் போடுகிற சாதாரண ராடு அது. ராடுக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கும் பேரிங் தகடுகளைத் திருப்பிப் பார்த்தார். ஏழு தகடுகளின் முதுகில் 1970 என்று அடித்திருந்தது. மூன்றாவதில் மட்டும் 1974 ஏப்ரல்.

பிறகு வெளிப்பக்கம். தொழிற்சாலையில் எஞ்சினை முழுதாகப் பூட்டிய பிறகுதான் வண்ணம் அடிப்பார்கள். அதனால் போல்ட் தலைகளின் மேலும் ஒரே படலமாக வண்ணம் இருக்கும். வலது பக்கம் அந்தப் படலம் உடையாமல் இருந்தது. இடது பக்கம் அதன்மேல் இன்னொரு படலம், ஒரு சாயல் கருத்தது.

"யாரோ இடது பக்கத்தை மட்டும் திறந்து, ராடை மாத்தி, மூடி, வண்ணமும் அடிச்சு மறைச்சிருக்கான்," என்றார் டுவைட், மூச்சு வாங்காத குறையாக. "மார்லீன் சொன்னது சரிதான். கொல்லணும்னே மட்டமான ராடை வெச்சிருக்கான்."

வில்மா உடைந்த ராடின் மூடியைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார். அதன் அடிப்பக்கத்தில் எடை சரிசெய்ய விட்டிருக்கும் சிறு கட்டி அரைத்துத் தேய்க்கப்பட்டிருந்தது. அரைத்த தடம் சாய்வாக ஓடியது. ஓரங்களை எமரித் தாளால் வட்ட வட்டமாக இழைத்து மெருகேற்றியிருந்தார்கள்.

"இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்க," என்றார். "வா, அந்த ரெண்டு பேரையும் பார்த்துட்டு வரலாம். மார்லீன்கிட்ட விசாரிச்சேன், 1974 மே கடைசியில லையல் ரெண்டு வாரம் ராணுவ முகாமுக்குப் போயிருக்கான். அப்ப கார் ஹேபர்மன் கடையில நின்னிருக்கு. ஹேபர்மனுக்காக வண்டி ஓட்டினவன் டாக்கெட். ரெண்டு பேருக்குமே அந்தக் கடையில போக்குவரத்து உண்டு."

ஆர்வில் டாக்கெட் இப்போது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்து நாலு வயதுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை.

"கோவாக் அனுப்பிச்சாளா?"

"ஆமா," என்றார் வில்மா.

"சொன்னேன். 'கடைசிக் கோட்டைப் பார்க்க மாட்டே'ன்னு சொன்னேன். பந்தயத்துக்கு முன்னாடி எல்லாரும் பேசற பேச்சுதான் அது. அந்த ஒரு வாய்க்கு இருபது வருஷம் போதாதா?" அவர் வில்மாவுக்குப் பின்னால் இருந்த வெற்றுச் சாலையைப் பார்த்தபடியே பேசினார். "என் எஞ்சின்லயே நான் ஒரு நட்டு தொட்டதில்ல. நோரிஸ் தொட விட மாட்டாரு. அந்த வாரம் புதன்கிழமை ஓட்டிப் பார்க்கறப்ப உள்ள ஒரு தட்டுச் சத்தம் வந்துது. அவர் எடுத்துட்டுப் போனாரு, சனிக்கிழமை மத்தியானம் சரிபண்ணிக் குடுத்தாரு. ஓட்டினேன். ஜெயிச்சேன். அன்னைக்கப்புறம் நான் பந்தயம் ஓட்டல. அந்த எஞ்சினையும் யாரும் திறக்கல."

நோரிஸ் ஹேபர்மனின் கடை மூன்று கொட்டகைகளாக வளர்ந்திருந்தது. எழுபது வயதிலும் வெள்ளைச் சட்டையில் கறை படாமல் வேலை செய்கிற மனிதர். டோனட் பெட்டியை நீட்டி, காபி ஊற்றிக் கொடுத்தார்.

"லையல் நல்ல பையன். எண்ணெய் கசியுதுன்னு விட்டுட்டுப் போனான். அடித்தொட்டி கேஸ்கெட்டை மட்டும் மாத்தினேன். அதுக்கு மேல அந்த எஞ்சின்ல கை வைக்கல."

"ஒரு ராடு போயிருக்கு," என்றார் வில்மா.

"பாவம். போல்ட் அறுந்து மூடி கழண்டிருக்கும். அந்த வேகத்துல ஓட்டினா என்ன தாங்கும்?" அவர் தலையை மெல்ல ஆட்டினார். "மார்லீன்கிட்ட சொல்லுங்க, அந்தப் பழைய இரும்பை நானே எடுத்துக்கறேன். அதைப் பார்த்துப் பார்த்து அவ மனசு கெட்டுப்போச்சு."

வண்டியில் ஏறியதும் டுவைட் கேட்டார், "என்ன தோணுது?"

"ஆர்வில்கிட்ட பேசி அவர் காரை நம்ம பட்டறைக்குக் கொண்டு வரச் சொல்லு. அந்த எஞ்சினையும் திறக்கணும்."

"சம்மதிப்பாரா?"

"உள்ள எதுவும் இல்லைன்னா அவர் பேர் சுத்தமாயிடும்னு சொல்லு. இருந்தாலும் சுத்தமாகும்னு நான் நினைக்கறேன். அதை மட்டும் சொல்லாதே."

சனிக்கிழமை காலை எல்லோரும் பட்டறையில் கூடினார்கள். காரிலிருந்து இறக்கிய எஞ்சின் நடுவில் தாங்கியில் நின்றது. ஒரு பக்கம் மார்லீன், எதிர்ப்பக்கம் ஆர்வில். இருவரும் இருபது வருடத்தில் ஒரே கூரைக்கடியில் நிற்பது அதுதான் முதல் தடவை. ஹேபர்மன் கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றார்.

"ஆர்வில், யோசிச்சுச் செய்," என்றார் அவர். "திறக்காத எஞ்சின்னுதான் அதுக்கு மதிப்பே. திறந்தா போச்சு."

"என் எஞ்சின், நோரிஸ். நீங்க காபி குடிங்க."

ஆர்விலே ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். அவசரப்படவில்லை. பதினொரு மணிக்கு எட்டு ராடுகளும் மேசையில் இருந்தன. வில்மா விளக்கை இழுத்துவைத்தார்.

"ஏழு ராடுல 'டி'ன்னு எழுத்து இருக்கு. ஆறாவது சிலிண்டர்ல இருந்து வந்ததுல மட்டும் கே." பக்கத்து மேசையில் லையலின் ஏழு ராடுகள் இருந்தன. அவற்றைச் சுட்டினார். "லையலோட தொகுதி முழுக்க கே."

மார்லீன் ஆர்விலைப் பார்த்த பார்வையில் வெப்பம் ஏறியது. "திருடியிருக்கே. என் தம்பியோட ராடைத் திருடி உன் வண்டியில போட்டு..."

"பொறுங்க," என்றார் வில்மா. "டுவைட், கொல்லணும்னு நினைக்கறவன் எப்படி ராடை வைப்பான்?"

"மெல்லிசு ராடை எடுத்து மாட்டிட்டுப் போயிடுவான்."

"எடை பார்ப்பானா?"

டுவைட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. "பார்க்க மாட்டான். எடை தப்பினா சீக்கிரமே பிச்சுக்கும். அவனுக்கு அதுதானே வேணும்."

"லையலோட எஞ்சின்ல இருந்த அந்த மட்டமான ராடை ஒருத்தர் கிராம் கணக்குல எடை பார்த்து அரைச்சிருக்கார். ஓரமெல்லாம் மெருகேத்தியிருக்கார். அது உடையக் கூடாதுன்னு ஆசைப்பட்டவர் செஞ்ச வேலை அது. அவருக்கு லையல் சாகணும்னு இல்ல. அவருக்கு லையலோட நல்ல ராடு வேணும். இன்னொரு எஞ்சினுக்கு. இந்த ஊர்ல அந்த வருஷம் இதே மாதிரி எஞ்சின் வேற ஒண்ணுதான் இருந்துது. அது அந்தப் புதன்கிழமை தட்டுச் சத்தம் போட்டுது."

 வில்மா கே எழுத்துள்ள ராடை எடுத்து, பக்கவாட்டில் வழவழவென்று அராவியிருந்த இடத்தைக் காட்டினார்.

"தொழிற்சாலையில ஒவ்வொரு ராடுலயும் சிலிண்டர் எண்ணைக் குத்துவாங்க. இதுல அந்த எண்ணை அராவி எடுத்துட்டு, பக்கத்துலயே ஆறுன்னு புதுசா குத்தியிருக்கு. ஆனா குத்தின அழுத்தம் இரும்புக்குள்ள ஆழமா இறங்கியிருக்கும். மேல் தோலை அராவினா அது போகாது."

ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி அமிலத்தில் தோய்த்து அந்த இடத்தில் தடவினார். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு இரும்பின் நிறம் மெல்லக் கருத்தது. கருப்புக்குள்ளிருந்து ஒரு 3 மங்கலாக எழுந்து வந்தது.

"அடியில எடைக்கட்டியைப் பாருங்க. சாய்வா அரைச்ச தடம், வட்ட வட்டமா மெருகு. உடைஞ்ச ராடுலயும் இதேதான். ரெண்டுமே ஒரே கை. பிஸ்டன்ல இருந்து ராடை அழுத்திப் பிரிக்க பிரஸ் மெஷின் வேணும், எடை பார்க்கத் தராசு வேணும், கை பழகியிருக்கணும். ஆர்வில் ஓட்டுநர். அப்புறம் ஒரு விஷயம். 'ராடு போயிருக்கு'ன்னுதான் நான் சொன்னேன். இந்த எஞ்சினை நல்லாத் தெரிஞ்சவங்க யாரும் போல்ட் அறுந்துதுன்னு நினைக்க மாட்டாங்க. டுவைட் நாப்பது பிரிச்சிருக்கான், ஒண்ணுலயும் பார்த்ததில்ல. நீங்க முந்நூறு கட்டியிருப்பீங்க, மிஸ்டர் ஹேபர்மன். அதுக்குள்ள மெல்லிசு போல்ட் இருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தர் வாயிலதான் அந்த வார்த்தை வரும்."

ஹேபர்மன் அருகில் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார். 

"புது ராடு வர மூணு வாரம் ஆகும்னாங்க," என்றார். "ஞாயித்துக்கிழமை பந்தயம். கார் கதவுல என் கடைப் பேர். லையல் அந்தப் பந்தயத்துக்கு வரலன்னுதான் சொல்லியிருந்தான். புது ராடு வந்ததும் அதை அவன் எஞ்சின்ல மாட்டிடலாம், அதுவரைக்கும் சாதாரணமா ஓட்ட இது போதும்னு இருந்தேன். முகாமை சீக்கிரம் முடிச்சு விட்டுட்டாங்கன்னு சனிக்கிழமை சாயங்காலம் வந்து நின்னான். சாவியைக் கேட்டான்."

"குடுத்தீங்க," என்றார் வில்மா.

"குடுத்தேன். தாங்கும்னு நினைச்சேன். சொல்லியிருக்கணும். வாய் வரல."

மார்லீனின் கையில் எப்போது அந்த நீண்ட இரும்புக் கம்பி வந்தது என்று டுவைட்டுக்குத் தெரியவில்லை. அவர் தடுக்கக் குறுக்கே பாய எழுந்தார். வில்மா இருந்த இடத்திலேயே இருந்தார்.

"அடிச்சீங்கன்னா, மார்லீன், நாளைக்கு ஊரே இவரைப் பார்த்து ஐயோ பாவம்னு சொல்லும். அதுதான் வேணுமா?"

கம்பி கீழே வரவில்லை. மேலேயும் போகவில்லை.

"நான் பங்க் வாசல்ல நின்னப்ப, பனியில, நீ வந்து எனக்குக் காபி குடுத்தே," என்றார் மார்லீன் ஹேபர்மனிடம். குரல் உயரவே இல்லை. "'விடாதே மார்லீன்'னு சொன்னே. ஆறு வருஷம். ஒவ்வொரு குளிர்காலமும்."

"சட்டப்படி இப்ப யாரும் ஒண்ணும் செய்ய முடியாது," என்றார் ஹேபர்மன். "எனக்கு இதயத்துல ரெண்டு தடவை ஆபரேஷன் ஆயிடுச்சு. இன்னும் எத்தனை நாளோ. இது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும். கேட்டுக்கறேன்."

"இருக்காது. அந்த மேடையில உன் பக்கத்துல இந்த ராடை வெச்சு ஊருக்கே காட்டுவேன்." மார்லீன் மேசையை நோக்கிக் கையை நீட்டினார்.

ஆர்வில் முந்திக்கொண்டார். ராடை எடுத்துத் தன் சட்டையாலேயே துடைத்து, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பூட்டினார்.

"என் எஞ்சின்ல இருந்து வந்தது. என்னோடது."

"ஆர்வில், அது என் தம்பியோட..."

"அன்னைக்கு நீ இவனைக் கேட்டிருந்தா இவன் உளறியிருப்பான். நீ என்னைப் பிடிச்சுக்கிட்டே. எனக்கு ஒரு கடை இருந்துது. என் பொண்டாட்டி ரூத் கூட இருந்தா." அவர் ஹேபர்மன் பக்கம் திரும்பினார். "நீ இருபது வருஷமா என் கையைப் பிடிச்சுக் குலுக்கினே, நோரிஸ். உன்னை இவ பார்த்துக்குவா. இவளை நான் பார்த்துக்கறேன்."

"என்ன செய்யணும்?" என்றார் மார்லீன்.

"டோலோரஸ் டைனர். திங்கக்கிழமை காலை ஆறரை. அங்கதான் முதல்முதல்ல என்னைக் கொலைகாரன்னு சொன்னே. கூட்டம் நிறைஞ்சிருந்துது. அதுல பாதிப் பேர் இன்னும் அங்கதான் சாப்பிடறாங்க. அதே இடத்துல நின்னு, என்ன செஞ்சேன்னு சொல்லு. முழுசா சொல்லு. அப்புறம் ராடு உனக்கு."

"சொன்னா மன்னிச்சிடுவியா?"

"மாட்டேன்."

திங்கட்கிழமை வில்மாவும் டுவைட்டும் கதவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். டைனர் நிறைந்திருந்தது. பன்றி இறைச்சி பொரிகிற மணம், ஈரக் கோட்டுகளின் வாடை. ஆர்வில் நீண்ட மேசையில் உட்கார்ந்து முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மார்லீன் உள்ளே வந்து, நடுவில் நின்று, கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்தார். 

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றார். "நான் இங்க நின்னு ஆர்வில் டாக்கெட் என் தம்பியைக் கொன்னான்னு சொன்னேன். அது பொய். அவன் செய்யல. அவன் கடையை மூட வெச்சது நான். அவன் வீட்டை உடைச்சது நான். ஒருத்தரும் என்னைக் கேக்கல, ஏன்னா நான் அழுதுக்கிட்டே சொன்னேன். நான் சந்தோஷமாத்தான் செஞ்சேன். அதையும் தெரிஞ்சுக்கங்க."

பரிமாறுகிற பெண் காபிக் குடுவையைச் சாய்த்தபடியே நின்றுவிட்டாள். கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது.

"கொன்னது நோரிஸ் ஹேபர்மன். ஒரு பந்தயத்துக்காக லையலோட எஞ்சின்ல இருந்து ராடைத் திருடினான். சாவியைக் குடுத்து அனுப்பினான். இருபது வருஷம் வாயை மூடிக்கிட்டு, என்னை இவன்மேல ஏவிவிட்டான். நம்பலன்னா அங்க பாருங்க."

ஆர்வில் தலை நிமிராமலே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ராடை எடுத்து, கெச்சப் பாட்டில் பக்கத்தில் வைத்தார்.  பிறகு பந்தயத் திடல் கமிட்டியில் இருந்த ஒரு வயதானவர் எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த 3-ஐ விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அன்று மதியத்துக்குள் ஹேபர்மன் கடையிலிருந்து ஐந்து பேர் தங்கள் எஞ்சின்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனதாகவும், அவர் அலுவலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்ததாகவும் டுவைட் பிறகு கேள்விப்பட்டார்.

கூட்டம் விலகியதும் மார்லீன் ராடை எடுத்துக்கொண்டார். இரண்டு கைகளாலும் அதை அணைத்தபடி, ஆர்விலுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையில் மெல்ல உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

ஆர்வில் தன் தட்டையும் காபிக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். ஜன்னலோரக் கடைசி மேசைக்குப் போய், மார்லீனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிச்சமிருந்த முட்டையைச் சாப்பிட்டு முடித்தார்.